பிரிக்காத வெற்றிலை

வெள்ளவத்தையில் கடலைப் பார்க்காமலே ஒரு ஆயுளைக் கழித்துவிடலாம். கடல் என்னவோ கூப்பிடு தூரத்தில்தான் கிடக்கிறது. காலி வீதியிலிருந்து எந்த லேனுக்குள் இறங்கினாலும் முடிவில் மரீன் டிரைவ், அதைத் தாண்டினால் தண்டவாளம், அதையும் தாண்டினால் கல்லும் நுரையும். ஆனால் சனத்துக்கு எங்கே நேரம்? நகைக்கடை, சேலைக்கடை, கோயில், ரியூஷன், லண்டனிலிருந்து வந்து நிற்கும் சொந்தக்காரர் என்று எல்லாச் சோலியும் காலி வீதிப் பக்கமே. கடல் ஒன்று இருக்கிறது என்று ஞாபகப்படுத்துவது யன்னல் கம்பியில் ஏறும் துருதான்.

சிவமணியின் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் உண்டு, பேருக்கு. அந்த வீட்டில் கடல் பக்கத்து யன்னலை ஒரு வருடமாக யாரும் திறப்பதில்லை. ஆடிக் காற்று வந்து அதைப் பிடித்து உலுக்கும். உள்ளே யாரோ வரக் கேட்டுத் தட்டுவதுபோல இருக்கும். சிவமணி திரும்பியும் பார்க்கமாட்டாள். அவளுக்கு வேலை இருக்கும்.

வேலை இடியப்பம். பின்னேரம் கடைகளில் கூட்டம் சேருவதற்கு முன் இடியப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வறுத்த சிவப்பரிசி மாவுக்குக் கொதிதண்ணீர் விட்டு, அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கிற சூடு வந்ததும் குழைத்து, ஆறுவதற்குள் இடியப்ப உரலில் அடைத்துப் பிழிந்துவிட வேண்டும். ஆறின மா உரலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தோள்மூட்டைக் கழற்றும். சிவமணி குழைப்பாள். மகள் உஷாந்தி மருந்துக்கடை வேலை முடிந்து மத்தியானம் வந்து பிழிவாள். அவித்து இறக்கியதைப் பெட்டியில் அடுக்கிக் கடைகளுக்குக் கொண்டுபோவது தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசா. மனிதர் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான்.

தாயும் மகளும் எதிரெதிரே இருந்துதான் வேலை செய்தார்கள். ஆனால் தாய் மகளோடு கதைப்பதில்லை. "மா ஆறுது" என்பாள் சுவரைப் பார்த்து. "தட்டுக் காணாது" என்பாள் அடுப்பிடம். முன்பெல்லாம் வாய்க்கு வாய் "பிள்ளை, பிள்ளை" என்று கூப்பிட்டவள், இந்த ஒரு வருடத்தில் அந்தச் சொல்லை அந்த வீட்டிலிருந்தே எடுத்துவிட்டாள்.

காரணம் மிதுஷன். உஷாந்தியின் தம்பி. போன வருடம் இதே ஆடியில் செத்துப்போனான், இருபத்திரண்டு வயதில்.

அப்போது அவனும் முகத்துவாரத்து ரொனியும் படகில் ரீயூனியன் தீவுக்குப் போவதென்று பேர் கொடுத்திருந்தார்கள். இருவரும் மோட்டர்சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் சிநேகமானவர்கள். மிதுஷன் தோளில் கொழுவுகிற பாக்கில் சாமானும் கட்டிவிட்டான். குளுக்கோஸ், தேசிக்காய் ஊறுகாய், ஒரு மழைக்கோட்டு, இரண்டு சேட். உஷாந்திதான் மறித்தாள். சும்மா மறிக்கவில்லை. எந்தப் படகு, எத்தனை பேர், என்ன மாதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆறு பேர் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிற படகில் அறுபது பேரை ஏற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும், "இதில மட்டும் ஏறாத தம்பி. இஞ்ச இருந்து வேறை வழி பாப்பம்" என்று சொன்னாள். அவன் பாக்கைத் தூக்கிக் கதவுக்குப் பின்னால் எறிந்துவிட்டு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தானாகவே வந்து, "சரியக்கா, போகேல்லை" என்றான். உள்ளுக்குள் அவனுக்கும் பயம்தான்.

ரொனி போனான். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவன் தாய்க்குப் போன் வந்த அதே கிழமை, பெருமழையும் காற்றுமாக இருந்த ஒரு மத்தியானம், ஹவ்லொக் றோட்டில் ஒரு கிழட்டு மரம் வேரோடு சரிந்து மிதுஷன் மேல் விழுந்தது. அவன் மழைக்கு மரத்தடியில் ஒதுங்கக்கூட இல்லை, தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தான். அவன் கொண்டுபோன சாப்பாடு இன்னும் சூடாறவில்லை என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னார்கள். அதை ஏன் சொன்னார்களோ.

செத்தவீட்டில் சிவமணி மகளைப் பார்த்து ஒரே ஒருமுறை சொன்னாள்: "நீ மறிச்சிராட்டி என்ரை பிள்ளை இண்டைக்கு உயிரோட இருந்திருப்பான்." பிறகு சொல்லவில்லை. திருப்பிச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வந்த சனமெல்லாம் அவளுக்காகச் சொன்னது. "தமக்கைக்காரி மறிச்சவளாம்." அந்தப் பக்கம் முகத்துவாரத்தில் ரொனியின் தாய்க்கு நல்ல பெயர். மகனைத் துணிந்து அனுப்பிய கெட்டிக்காரியாம், நெஞ்சுரம் உள்ள மனுசியாம். அவள் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். இங்கே சிவமணி சாமித்தட்டில் விளக்கேற்றுவதையே விட்டாள். மகன் எறிந்த பாக்கை மட்டும் எடுத்து, அவிழ்க்காமல், கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவிவைத்தாள்.

உஷாந்திக்கு அதற்குப் பிறகு எந்த முடிவும் கைக்கு வரவில்லை. மருந்துக்கடையில் ஒரு தாய் வந்து, இந்த இருமல் பாணி நல்லதா அந்தப் பாணி நல்லதா என்று கேட்டால், முதலாளியைக் கூப்பிடுவாள். பஸ் வந்து நின்றால், இதில் ஏறினால் யாருக்கு என்ன நடக்குமோ என்று நிற்பாள். பஸ் போய்விடும். போன பிறகு, ஏறாமல் விட்டதால் யாருக்கு என்ன நடக்குமோ என்று அடுத்த பயம் பிடிக்கும். றோட்டின் இந்தக் கரையா அந்தக் கரையா என்பதுகூட அவளுக்கு உயிர்ப்பிரச்சினை. கீழே லேனில் யாருடைய மோட்டர்சைக்கிள் வந்து நின்றாலும் கை தானாக நிற்கும். படியில் ஏறிவரும் காலடி மூன்றாம் மாடியைத் தாண்டி மேலே போகும்வரை மூச்சு விடமாட்டாள். இருபத்தைந்து வயதுப் பெட்டைக்கு இது ஒரு வாழ்க்கையா என்று கேட்டால், இல்லைத்தான்.

இப்படி இருக்கிற வீட்டுக்குள்தான் ராகுலன் வந்து சேர்ந்தான். சிவமணியின் தங்கை சுபோதினியின் ஒரே பெடியன், கோண்டாவிலிலிருந்து. இங்கிலீஷ் கோர்ஸ் படிக்க வந்ததாகப் பேச்சு. கோர்ஸ் இருந்ததோ இல்லையோ, மோட்டர்சைக்கிள் இருந்தது. பெரியப்பாவின் முழங்கால் நோவைப் பார்த்து இடியப்பப் பெட்டியைத் தானே கடைகளுக்குக் கொண்டுபோகத் தொடங்கினான். நல்ல பெடியன். சிரித்தால் மிதுஷனின் சாயல் கொஞ்சம் விழும். அந்த நேரங்களில் சிவமணி எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

ஒரு பின்னேரம், பிழிவதற்குத் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் சொன்னான்:

"அக்கா, உன்னட்டை ஒண்டு கேக்க வேணும்."

"கேள்."

"அடுத்த கிழமை ஒரு போட் போகுதாம். ரொனியண்ணா போன அதே வழி. நான் பேர் குடுத்திட்டன்."

உரலை அமத்திய கை அப்படியே நின்றது. பாதி இறங்கிய மா தட்டுக்கு மேலே நூலாய்த் தொங்கியது. சிவமணி தலை நிமிரவில்லை. ஆனால் குழைத்த கை அவளுக்கும் நின்றுதான் போனது.

"என்னட்டை ஏன் கேக்கிறாய்? எனக்கு ஒண்டும் தெரியாது."

"உன்னட்டைக் கேக்காம ஆரட்டைக் கேக்கிறது?"

"சித்தியட்டைக் கேள்."

"அம்மா முதல்ல மாட்டன் எண்டுதான் நிண்டவ. ரொனியண்ணா தான் இருக்கிற வீட்டை வீடியோவில காட்டினவர். பல்கனியோட. அதைப் பாத்தாப் பிறகு ஓம் எண்டிட்டா."

"அப்ப போவன். நான் ஒண்டும் சொல்ல மாட்டன், ராகுல். என்னை விடு."

அவன் முகம் சுருங்கிப்போய் எழுந்தான். சிவமணி அடுப்பிடம் சொன்னாள்: "மா ஆறுது."

சொல்லமாட்டேன் என்று சொன்னால் சும்மா கிடக்குமா மனம்? அன்று முழுக்க உஷாந்தியை அது அரித்தது. சொன்னால் ஒரு சாவு, சொல்லாவிட்டால் ஒரு சாவு என்று இரண்டு பக்கமும் நின்று தின்றது. அடுத்த நாள் மத்தியானம் வேலை முடிந்து மரீன் டிரைவில் நின்றுகொண்டு ரொனிக்குப் போன் எடுத்தாள். மிதுஷன் செத்த பிறகு அவள் அவனோடு கதைத்ததே இல்லை. அவன் உயிரோடு இருப்பதே தன்மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டு என்று அவளுக்குப் பட்டிருந்தது.

"அக்கா… நீங்க எனக்கு எடுப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."

"ராகுலன் வரப்போறன் எண்டுறான். நீ வீடு காட்டினியாம்."

"காட்டச் சொன்னான், காட்டினேன்."

"வழியைக் காட்டினியே?"

காற்றுத்தான் போனுக்குள் இரைந்தது, இந்தக் கரைக் காற்றோ அந்தக் கரைக் காற்றோ.

"அக்கா, இத எங்கட அம்மாவுக்குக்கூட நான் சொல்லல்ல. நடுக்கடல்ல இஞ்சின் நின்னு போச்சு. குடிக்கத் தண்ணி முடிஞ்சி போச்சு. சிலாபத்து அண்ணன் ஒராள், கடல் தண்ணியக் குடிச்சிட்டு ராவெல்லாம் கத்தினாரு. விடியக்குள்ள ஆள் இல்ல. நாலு பேரு பிடிச்சி கடல்ல விட்டோம். ஒரு கை நான் பிடிச்சேன். இன்னும் அந்தக் கை என் கையில இருக்கிற மாதிரி இருக்கு."

"பிறகு?"

"பிறகு ஒரு கப்பல். அது எங்களத் தேடி வரல்லக்கா. அது பாட்டுக்குப் போச்சு, கண்டுச்சு, அவ்வளவுதான். கொஞ்சம் முந்திப் போயிருந்தா எங்க எல்லார்ட கதையும் முடிஞ்சிருக்கும். அம்மா நான் பெரிய வீரன்னு எல்லாருக்கும் சொல்லித் திரியிறாங்க. நான் வீரனும் இல்ல, ஒண்ணும் இல்ல. தப்பிட்டேன்."

"இதை ராகுலனுக்குச் சொல்லு ரொனி."

"சொன்னேனே. 'கடைசில போய்ச் சேந்தீங்கதானே அண்ணா' ங்கிறான். அதுக்கு நான் என்ன சொல்ல?"

போனை வைத்த பிறகும் உஷாந்தி நெடுநேரம் நின்றாள். ஒரு வருடமாக அவள் தலைக்குள் ஒரு படகு போய்க்கொண்டே இருந்தது. அதில் மிதுஷன் முன்பக்கத்து அணியத்தில் சிரித்துக்கொண்டு இருப்பான், கடல் குளத்துத் தண்ணீராய்க் கிடக்கும், அவன் போய் இறங்கி பல்கனி வீட்டில் ஏறிவிடுவான். தான் மறிக்காமல் விட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியது என்று அவள் நினைத்தது அந்தப் படகைத்தான். அது ஒருநாளும் கடலில் இறங்காத படகு என்று இப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை. தம்பி தம்பிதானே.

அன்று பின்னேரம் ராகுலன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது பின்னாலேயே போனாள்.

"ராகுல், நில். போகாத."

"கடைக்கோ?"

"பகிடி விடாத. போட்டில போகாத."

அந்தச் சொல் வாயை விட்டுப் போனதும் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதே சொல். போன வருடம் சொன்ன அதே சொல்.

"முதல்ல ஒண்டும் தெரியாது எண்டாய்?"

"பயத்தில சொன்னனான். எனக்குத் தெரியும். ஆறு பேர் போற போட்டில அறுபது பேர். கடல் கிளம்பி நிக்கிற மாசம். இதில ஏறக்கூடாது எண்டு சொல்லப் பெரிய படிப்பு வேணுமே?"

ராகுலன் பெட்டியைப் படியில் வைத்தான். "அக்கா, கோவிக்காத. உன்ரை சொல்லைக் கேட்ட மிதுஷனண்ணா எங்கை? கேக்காத ரொனியண்ணா எங்கை?"

அடி விழுந்தது. ஊரெல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்டதை இவன் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான். ஒரு கணம் அவளுக்குத் திரும்பி மேலே ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் ஓடவில்லை.

"மரம் விழும் எண்டு எனக்குத் தெரியுமே?" அவள் குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. "ஆருக்குத் தெரியும், சொல்லு. எனக்குத் தெரிஞ்சதை வைச்சு நான் சொன்னனான். தெரியாததுக்கும் சேத்து ஒரு வருஷமா என்னை வைச்சு வதைக்கிறியள். போய்ச் சேந்தவன்தான்ரா வீடியோ அனுப்புவான். கடலோட போனவன் அனுப்புவானே?"

"இஞ்ச இருந்தாலும் சாகலாம்தானே அக்கா."

"சாகலாம். அதுக்காகக் காலி வீதியில வாகனத்தைப் பாக்காம குறுக்க ஓடுவியே?"

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "பாப்பம்" என்று இறங்கிப் போனான். அவள் படியிலேயே குந்தியிருந்து அழுதாள். அழுகையோடு, ஒரு வருடத்துக்குப் பிறகு, ஏதோ ஒரு பாரம் இம்மியளவு இறங்கியது. கீழ்வீட்டு பைறோஸா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பாப்பம் என்றவன் பார்த்த மாதிரித் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டான்:

"பெரியம்மா, அந்த பாக்கை எனக்குத் தருவியளோ?"

கதவுக்குப் பின்னால் இருந்த மிதுஷனின் பாக்கைத்தான் கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அண்ணன் போகாத வழியை அண்ணனின் பாக்கோடு போய் முடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஏதோ பெடியள் புத்தி. ஸ்ரீஸ்கந்தராசா சாப்பிட்ட கையோடு எழுந்து யன்னலடிக்குப் போய் நின்றுகொண்டார். சிவமணி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் கோண்டாவிலிலிருந்து சுபோதினியின் போன் வந்தது. ராகுலன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அக்கா, எனக்கு நித்திரை இல்லை" என்று அழுதாள் சுபோதினி. "போ எண்டும் சொல்லீட்டன், இப்ப பயமாக் கிடக்கு. நீ ஒருக்காப் பிள்ளையாரிட்டைப் பூக்கட்டிப் பாரன். மிதுஷனுக்குத்தான் கேக்காம விட்டனாங்கள்."

"அண்டைக்கும் கேப்பம் எண்டுதான் சொன்னனான்" என்றாள் சிவமணி, சுவரைப் பார்த்து. "விட்டால்தானே."

அது உண்மை. பூக்கட்டிப் பார்ப்பதென்றால் ஒரு வெற்றிலைக்குள் வெள்ளைப் பூ, மற்ற வெற்றிலைக்குள் சிவப்புப் பூ. இரண்டையும் நூலால் ஒரே மாதிரிக் கட்டிச் சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் செய், சிவப்பு என்றால் வேண்டாம். கலியாணத்துக்கும் காணிக்கும் ஒப்பரேஷனுக்கும் இப்படிக் கேட்டு முடிவெடுத்த குடும்பங்கள் வெள்ளவத்தையில் லேனுக்கு நாலு இருக்கும். போன வருடம் சிவமணி பூக்கட்ட வெளிக்கிட்டபோது, "உயிரைப் பூவில வைச்சே அம்மா விளையாடுறது?" என்று உஷாந்திதான் தடுத்தாள். இப்போதும் அதே வசனம் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டாள். சாமியைக் கேட்கவிடாமல் தானே சாமியாகி முடிவு சொன்னவள் என்ற பெயரை இரண்டாம் முறையும் வாங்க அவளுக்குத் தெம்பில்லை.

ராகுலன் உடனே ஒப்புக்கொண்டான். "வெள்ளை எண்டாப் போறன். சிவப்பெண்டா அண்டைக்கே பேரை எடுத்திடுறன். அம்மாவாணை."

வெள்ளிக்கிழமை காலை சிவமணி தலைக்குத் தோய்ந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு சாமித்தட்டைத் துடைத்து விளக்கேற்றினாள். வெள்ளை நந்தியாவட்டை கீழே பைறோஸாவின் பூச்சாடியில் கேட்டு வாங்கியது. சிவப்புச் செவ்வரத்தை கோயில் மதிலோரம் பறித்தது. குசினியில் முதுகைக் காட்டி நின்று தனியே கட்டினாள். இரண்டு பச்சைப் பொட்டலங்களையும் தட்டில் வைத்துக் குலுக்கிப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தாள். எது எதுவென்று கட்டினவளுக்கே தெரியக்கூடாது என்பது முறை.

எல்லோரும் கும்பிட்டார்கள். போனில் சுபோதினியும் கும்பிட்டாள். உஷாந்தியால் மட்டும் கை கூப்ப முடியவில்லை. ஒரு பெடியனின் உயிர் இரண்டு வெற்றிலைக்கு நடுவில் கிடக்கிறது, பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்று அவளுக்குப் பட்டது.

ராகுலனின் கை வலப்பக்கப் பொட்டலத்துக்கு மேலே போனது. தொடவில்லை. பிறகு ஏனோ இடப்பக்கத்தை எடுத்தது. நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்தான்.

சிவப்பு.

அவன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். போனுக்குள், மகனைப் போ என்று சொன்ன அந்தத் தாய், "என்ரை பிள்ளையாரப்பா, என்ரை பிள்ளையாரப்பா" என்று குழறினாள். ஸ்ரீஸ்கந்தராசா பெடியனின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். ராகுலன் கண்ணைத் துடைத்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல், வெளியே போய் யாருக்கோ போன் எடுத்துப் பேரை எடுக்கச் சொன்னான். அவன் முகத்தில் ஏமாற்றம் பாதி. மீதி என்னவென்று அவனே ஒத்துக்கொள்ளமாட்டான்.

மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்துப் பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுவது. ஓடுகிற தண்ணியிலோ கடலிலோ விட்டுவிட வேண்டும். சிவமணி அதை எடுத்து மகளின் கையில் வைத்தாள்.

"கொண்டுபோய்க் கடல்ல விட்டிட்டு வா."

சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சொன்னாள். உஷாந்தி திகைத்துப்போய், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

மரீன் டிரைவைத் தாண்டித் தண்டவாளத்தடியில் ரயிலுக்காக நின்றாள். மொறட்டுவைப் பக்கம் போகிற ரயில், வாசலெல்லாம் தொங்குகிற சனத்தோடு காற்றையும் இழுத்துக்கொண்டு போனது. கல்லில் இறங்கினாள். கடல் கறுத்து, பொங்கி, கல்லுக்கு மேலாலே அடித்தது. உள்ளங்கைக்குள் வெற்றிலை குளிர்ந்து கிடந்தது.

இதற்குள் வெள்ளைப் பூ. அவன் கை முதலில் இதன் மேல்தானே போனது? தொட்டிருந்தால், அடுத்த கிழமை அவன் இந்தத் தண்ணியில். ஏன் தொடாமல் மாறினான்? ஒரு கை தயங்கியதில் ஒரு உயிர் இந்தக் கரையில் நின்றுவிட்டது. இனி இவனுக்கு என்ன நடந்தாலும் யாரைக் கேட்பது, அந்தக் கையையா? அந்த வெள்ளைப் பூவை ஒருமுறை பார்க்காவிட்டால் இன்னொரு வருடத்துக்குத் தூங்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது. சாமி கோபித்தால் கோபிக்கட்டும் என்று நூலை அறுத்தாள்.

சிவப்பு. செவ்வரத்தையின் சிவப்பு, இதழ் மடிந்து, வெற்றிலையில் சாயம் ஒட்டிக் கிடந்தது.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு விளங்கியது. விளங்கியதும் கல்லில் குந்திவிட்டாள். ஒரு அலை வந்து முழங்கால்வரை நனைத்து, பூவையும் வெற்றிலையையும் தானே வாங்கிக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்தபோது குசினியில் கொதிதண்ணீர்ச் சத்தம். முன்னறையில் மிதுஷனின் படத்துக்கு முன்னால், சிறு கிண்ணத்துத் தண்ணீரில், ஒரு வெள்ளை நந்தியாவட்டை மிதந்தது. போ என்று சொல்கிற பூ. இனி எங்கேயும் போக முடியாதவனுக்கு அதைத் தாய் கொடுத்திருந்தாள்.

சிவமணி மாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"விட்டிட்டியே?"

"ஓம்."

"பிரிச்சுப் பாத்தாயோ?"

உஷாந்தி நனைந்த கால்களைச் சாக்கில் துடைத்தாள். பிறகு, "பாத்தனான்" என்றாள்.

"பாப்பாய் எண்டு தெரியும். அதுதான் அப்பரிட்டைக் குடுத்து விடேல்லை." அகப்பைக் காம்பு மாவுக்குள் சுற்றிச் சுற்றிப் போனது. "பிள்ளையார் கோவிச்சா என்னோட கோவிக்கட்டும். அறுபது பேரோட அந்தப் பெடியனை ஏத்திப்போட்டு என்னாலை பூப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது."

"அம்மா…"

"போன வருஷம் நீ என்னைப் பூக்கட்ட விட்டிருந்தாலும் ரெண்டும் சிவப்பாத்தான் கட்டியிருப்பன். அது எனக்கு அண்டைக்கே தெரியும். நீ வாயால சொன்னாய், நான் களவாச் செய்திருப்பன், அவ்வளவுதான் வித்தியாசம்." சூடு ஆற முதலே மாவுக்குள் இரண்டு கையையும் விட்டுக் குழைத்தாள். "பழியை உன்னிலை போட்டா என்ரை நெஞ்சு ஆறும் எண்டு நினைச்சன். ஆறேல்லை. உன்னையும் துலைச்சதுதான் மிச்சம்."

உஷாந்தி தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சிவமணியின் இரண்டு கையிலும் மா. அணைக்க முடியாமல் முழங்கையால் மகளை இறுக்கிப் பிடித்தாள்.

"இவனுக்கும் இஞ்ச ஏதும் நடந்தால் அம்மா?"

கீழே லேனில் ராகுலனின் மோட்டர்சைக்கிள் உறுமிக் கிளம்பியது. வெளியே தூறத் தொடங்கியிருந்தது. இருவரும் அசையாமல் கேட்டார்கள். சத்தம் லேன் முழுக்கப் போய், முடக்கில் திரும்பி, காலி வீதி இரைச்சலுக்குள் போய் மறைந்தது. மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நடந்தால், ரெண்டு பேருமாச் சேந்துதான் மறிச்சனாங்கள் எண்டு ரெண்டு பேரும் அழுவம்" என்றாள் சிவமணி. பிறகு மாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"மா ஆறுது பிள்ளை. வா, வந்து பிழி."